முன்றிலும் புல்வெளியும்

இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் தமிழ் மாணவர் எவரும் தயங்காது கூறும் சொல் 'முன்றில்' என்பதாகும். இல்லின் முன்பகுதி 'இல்முன்'. அது முன்பின்னாக மாறி 'முன்றில்' என வழங்கலாயிற்று. சொற்கள் இடம் மாறினும் பொருள் மாறவில்லை என்பது இலக்கணம் உணர்த்தும் செய்தி. ஆயின் அச்சொல் குறிக்கும் இடமோ, கடல் கடந்து மலாயாவில் குடியேறிய தமிழர் வாழ்வில் பலமுறை பொருள் மாறியிருக்கிறது. வீட்டின் முன்னுள்ள சிறு நிலத்தின் வரலாறு மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் மண்ணோடு ஒரு மக்களுக்கு இருந்த உறவு எத்தகையது என்பதை அது போலத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

பழந்தமிழர் முன்றிலை வெறும் காட்சிக்கென வைத்திருக்கவில்லை. புறநானூற்றின் 320ஆம் பாடலில் வீரை வெளியனார் ஒரு வேட்டுவன் வீட்டு முன்றிலைக் காட்டுகிறார். முஞ்ஞையும் முசுண்டையும் அங்கே அடர்ந்து படர்ந்துள்ளமையால் தனியே பந்தல் இடவேண்டிய தேவை இல்லை. அந்த நிழலில் வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். மான்தோலின் மேல் தினை உலர்கிறது. பார்வை விலங்காக வளர்த்த பெண்மானோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து விளையாடுகிறது. கணவனின் உறக்கமும் கலையக்கூடாது, மான்களின் இன்பமும் கெடக்கூடாது என்று மனைவி ஒலி எழுப்பாமல் ஒடுங்கி நிற்க, கானக்கோழியும் இதலும் வந்து தினையைக் கொத்தித் தின்கின்றன. உறங்குமிடம், தானியம் உலர்த்துமிடம், உயிரினங்களோடு கூடி வாழுமிடம் என ஒரே முன்றில் மூன்று பணிகளைச் செய்கிறது. வீட்டுக்கு வெளியே அமைந்த வீடு அது. அவ்வாறான முன்றிலைப் பேராக் மாநிலத்துத் தமிழர் எவ்வாறு படைத்தனர், எவ்வாறு இழந்தனர், இன்று எவ்வாறு மீட்கக்கூடும் என்பது சிந்தித்தற்குரியது.

பாகான் செராய்

பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் மாவட்டத்தில், தைப்பிங்குக்கும் பாரிட் புந்தாருக்கும் இடையே அமைந்திருப்பது பாகான் செராய். மலாய்மொழியில் 'பாகான்' என்பது படகுத் துறையையும், 'செராய்' என்பது எலுமிச்சைப் புல்லையும் குறிக்கும். வீட்டு முன்புறத்தில் ஒரு குத்து நட்டுவைத்து, வேண்டும்போது கிள்ளிச் சமையலுக்கும் கொதிநீருக்கும் பயன்படுத்தும் புல்லொன்றின் பெயரை ஓர் ஊர் தாங்கி நிற்பது இவ்வரலாற்றுக்கு மிகவும் பொருந்துகிறது. புல் என்றாலே வெறும் பசுமைக் காட்சி என்று எண்ணுவார்க்கு, புல்லிலும் உணவு உண்டு, மருந்து உண்டு என்று அவ்வூர்ப் பெயரே நினைவூட்டும்.

கிரியான் தாழ்வான சமவெளி. 1906ஆம் ஆண்டில் நிறைவேறிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டமும், அதன் உயிர்நாடியான புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் அவ்வட்டாரத்தைப் பல்லாயிரம் ஏக்கர் பரப்புள்ள நெற்களஞ்சியமாக்கின. மலாயாவின் முதற்பெரும் நீர்ப்பாசனத் திட்டம் அதுவே. அதற்கு முன்பே அங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர் பலர் கிரியானின் கரும்புக் காடுகளில் உழைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் கரும்பு மறைந்தது. ரப்பரும் தென்னையும் அதன் இடத்தைப் பிடித்தன. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்க்கும் முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

பாகான் செராயில் மற்றொரு வகைக் குடியிருப்பும் தோன்றியதுண்டு. 1880களில் கத்தோலிக்கக் குருமார் முயற்சியால் புனித சூசையப்பர் பெயரில் தமிழர்க்கென ஒரு வேளாண் குடியேற்றம் அங்கு அமைந்தது. அங்கே வந்த தமிழர் கூலி லயத்தில் அடைபட்டவர் அல்லர். நெல் பயிரிடும் உழவராகக் குடியமர்ந்தவர். எனவே ஒரே வட்டாரத்தில் இருவகைத் தமிழரை வரலாறு அருகருகே வைத்துக் காட்டுகிறது. ஒருவர் உழவர், மற்றவர் கூலிக்காரர். முன்னவர்க்கு வீட்டின் முன்னுள்ள நிலம் வாழ்வின் தொடர்ச்சி; பின்னவர்க்கு அது மற்றொருவர் இசைவால் கிடைத்த இடம். மலாயாவில் குடியேறிய தமிழருள் பெரும்பாலோர் இரண்டாம் வகையினரே.

துரையின் புல்வெளி

ரப்பர் வரலாறே ஒரு வீட்டுத் தோட்டத்தில்தான் தொடங்கியது என்று கூறினால் மிகையாகாது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திற்கு ரப்பர் விதைகளைக் கொண்டுசென்றார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகள் சில 1877இல் சிங்கப்பூருக்கும், பின்னர்ப் பேராக்கில் உள்ள கோலகங்சாருக்கும் வந்தன. அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ தமது மாளிகைத் தோட்டத்தில் அவற்றை வளர்த்தார். ஆட்சியாளர் ஒருவர் வீட்டைச் சூழ்ந்த நிலத்தில் ஆய்வுக்காக நடப்பட்ட மரம், பின்னர் இலட்சக்கணக்கான தமிழரின் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்தது.

தோட்ட முதலாளிகளும் நிர்வாகிகளும் வாழ்ந்த பங்களாக்களைச் சுற்றி ஏக்கர்க் கணக்கில் புல்வெளி விரிந்து கிடந்தது. அது மலாயாவின் மண்ணில் இயல்பாகத் தோன்றிய வழக்கமன்று. இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் தம் மாளிகைகளைச் சுற்றிப் பரந்த புல்வெளிகளை அமைத்தனர். லான்சிலட் பிரவுன் என்னும் தோட்டக்கலைஞர் அக்கலையில் பெரும்புகழ் பெற்றார். புல்லை ஒரே அளவாக வைத்திருக்க அரிவாள் பிடித்த ஆட்கள் பலர் தேவைப்பட்டமையால் அது செல்வர்க்கே உரியதாயிருந்தது. 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் பொறியைக் கண்டுபிடித்த பின்னரே நடுத்தர மக்களின் வீட்டு முன்புறங்களிலும் புல்வெளி இடம்பெற்றது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தார்ஸ்டைன் வெப்லன் 1899இல் எழுதிய நூலில் இதன் உட்பொருளை நுட்பமாக ஆராய்ந்தார். புல்வெளி மேய்ச்சல் நிலத்தின் சாயலைக் கொண்டது. ஆயினும் அங்கே பசுவை மேயவிட்டால் சிக்கனமும் பயனும் நினைவுக்கு வந்துவிடும் என்பதால் பசு விலக்கப்படுகிறது என்பது அவர் கருத்து. சுருங்கக் கூறின், 'என் நிலம் எனக்குச் சோறு போடத் தேவையில்லை' என்று உலகுக்கு அறிவிக்கும் வழியே புல்வெளி.

இக்கருத்தை மலாயாத் தோட்டத்தில் வைத்துப் பார்த்தால் அதன் கூர்மை விளங்கும். ரப்பர் நிரைகளுக்கு இடையே லாலாங் புல் தலைகாட்டக் கூடாது என்பது தொடக்கக் காலத் தோட்டங்களில் கண்டிப்பான விதி. களையெடுப்பு வெளிக்காட்டு வேலைகளில் முதன்மையானது. வெயிலில் குனிந்து புல்லைக் கிள்ளிக் கிள்ளித் தமிழ்ப் பெண்களின் முதுகு வளைந்தது. மண் வெறுமையாகி மழையில் கரைந்தோடிய பின்னரே, மூடுபயிர்களால் மண்ணைக் காக்கும் முறை மெல்ல மெல்ல இடம்பெற்றது. நிரையில் புல்லை அழிப்பதற்குக் கூலி. அதே தோட்டத்துப் பங்களாவில் புல்லை வளர்ப்பதற்கும் கூலி. இரண்டையும் செய்த கைகள் தமிழர் கைகளே. அந்தப் புல்வெளியில் கால்வைத்து அமரும் உரிமை மட்டும் அக்கைகளுக்கு உரியவர்க்கு இல்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைக் கருதிப் பார்த்தல் வேண்டும். வீட்டைச் சார்ந்த சிறு நிலத்தையும் தமிழர் 'தோட்டம்' என்றனர். ஆயிரம் ஏக்கர் ரப்பர்க் காட்டையும் 'தோட்டம்' என்றே அழைத்தனர். முன்னது உரிமையின் பெயர். பின்னது உழைப்பின் பெயர். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் வாழ்ந்தும் சொந்தமாக ஒரு தோட்டமில்லாதவராகத் தமிழர் இருந்தனர் என்பதை இந்த ஒரு சொல்லே உணர்த்திவிடும்.

லயத்து வாசல்

தொழிலாளர் குடியிருந்த லயம் நீண்ட பலகைக் கொட்டகை. பத்துப் பன்னிரண்டடி அளவான ஒற்றை அறைகள் வரிசையாகவும், பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியும் கட்டப்பட்டன. கணவன், மனைவி, பிள்ளைகள், சில வேளைகளில் ஊரிலிருந்து வந்த உறவினர் என ஐந்தாறு பேர் ஓர் அறையில் அடங்க வேண்டும். அடங்கவொண்ணாத வாழ்வு வெளியே வழிந்தது. அவ்வாறு வழிந்த வாழ்வைத் தாங்கிக்கொண்ட இடமே வாசல்.

விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் பெண், அதற்கும் முன்னே எழுந்து சாணம் தெளித்துக் கோலமிட்டாள். பால்மரம் வெட்டித் திரும்பிய ஆண்கள் மாலையில் அங்கே பலகை போட்டமர்ந்து கத்தி தீட்டினர். உறவும் ஊரும் பேசினர். பிள்ளைகள் மண்ணில் எழுத்துப் பழகினர். மிளகாயும் வடகமும் அங்கே உலர்ந்தன. மஞ்சள் நீராட்டு, திருமணப் பந்தல், பொங்கற் பானை, இறந்தோரைக் கிடத்தி அழுதல் ஆகிய அனைத்தும் அந்தச் சிறு மண்தரையில் நிகழ்ந்தன. முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, வாழை இரண்டு, கொடிக்காலில் வெற்றிலை, ஓரத்தில் துளசி, செம்பருத்தி என அவ்வாசலைச் சூழ்ந்த செடிகொடிகளும் ஒரு தமிழ்நாட்டுச் சிற்றூரின் நினைவைத் தாங்கி நின்றன. சற்றுத் தள்ளி மாட்டுக் கொட்டிலும் இருந்தது. வெப்லன் சுட்டிய புல்வெளி பசுவை விலக்கியது. தமிழர் வாசலோ பசுவை வரவேற்றது. ஒரே தோட்டத்தில் இரண்டு நாகரிகங்கள் எதிரெதிரே நின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வுரிமைக்குச் சட்டத்தின் ஆதரவும் ஓரளவு இருந்தது. குடும்பத்துடன் வாழும் தொழிலாளிக்குக் காய்கறி பயிரிடவும் ஆடுமாடு வளர்க்கவும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்று போருக்கு முந்திய தொழிலாளர் சட்டம் வகுத்தது. அது ஏறத்தாழ 2,700 சதுர அடி. ஆயினும் ஒதுக்குதல் வேறு, உரிமையாக்குதல் வேறு. தொழிலாளி நட்ட முருங்கையின் காய் அவனுடையது. முருங்கை நின்ற மண் அவனுடையதன்று. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் வாசலும் போகும். பயன் இருந்தது, பட்டா இல்லை. தோட்டப்புற வாழ்வின் துயரமெல்லாம் இந்த ஒரு முரணில் அடங்கியுள்ளது.

இங்கே அண்டை வாழ்ந்த பிற இனத்தவரின் வழக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். மலாய் மக்களின் வீட்டுக்கு முன்னே உயர்த்திக் கட்டிய திறந்த கூடம் விருந்தினரை வரவேற்றது. பாகான் செராய், ஈப்போ முதலிய நகரங்களின் கடைவீடுகளுக்கு முன்னே கூரையிட்ட நடைவழி ஓடியது. சிங்கப்பூர் நகரமைப்புக்காக 1822இல் ராபிள்ஸ் வகுத்த விதிகளிலிருந்து வளர்ந்த அந்த ஐந்தடி வழி, மழையிலும் வெயிலிலும் வழிப்போக்கர்க்கு நிழலாயிற்று, கடைக்காரர்க்கு உட்காருமிடமாயிற்று. வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில் வீட்டின் முன்புறம் நிழலும் இருக்கையும் உடையதாதல் வேண்டும் என்பதை மூவினத்தாரும் தத்தம் வழியில் உணர்ந்திருந்தனர். வெயிலில் காயும் வெறும் புல்வெளியை அவருள் எவரும் படைக்கவில்லை.

போரும் கம்பி வேலியும்

1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்த பின் அரிசி வரத்துக் குன்றியது. பசி வந்தபோது பகட்டு முதலில் பறந்தது. மலாயா முழுதும் வீட்டு முன்றில்களிலும் வெற்றிடங்களிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. சயாம் ரயில்பாதைக்கு ஆடவர் கொண்டுசெல்லப்பட்ட லயங்களில், எஞ்சிய பெண்களும் முதியோரும் குழந்தைகளும் உயிர் தரித்திருக்க உதவியது வாசலை ஒட்டிய மரவள்ளிப் பாத்தியே. அதே காலத்தில் மேலை நாடுகளிலும் புல்வெளி உணவுத் தோட்டமாயிற்று. அமெரிக்க அதிபர் மாளிகையின் புல்வெளியிலேயே 1943இல் எலினோர் ரூஸ்வெல்ட் காய்கறிப் பாத்தி அமைக்கச் செய்தார். முதல் உலகப் போரின்போது அதே புல்வெளியில் அதிபர் வில்சன் ஆடுகளை மேயவிட்டிருந்தார். நெருக்கடி வந்தால் எந்தப் புல்வெளியும் பயன்படு நிலமாக மாறும். மாற்ற வேண்டுவது மனமே என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

போர் முடிந்து மூன்றாண்டுகள் ஆகுமுன் 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பேராக் அதன் கடுமையை மிகுதியாக உணர்ந்த மாநிலம். சிதறிக் கிடந்த லயங்கள் ஒருங்கு சேர்க்கப்பட்டுக் கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டன. வேலியை ஒட்டிய செடிகொடிகள் மறைவிடமாகக்கூடும் என்று வெட்டி வீழ்த்தப்பட்டன. உணவுப்பொருள்கள் கட்டுப்படுத்தப்பட்டன. மாலையில் ஊரடங்கு, வாசலில் கூடியமர்ந்து பேசும் வழக்கமும் அடங்கியது. பசிக்காலத்தில் காத்த வாசல், அச்சக்காலத்தில் ஐயத்துக்குரிய இடமாயிற்று. 1960இல் அவசரகாலம் முடிவுற்றபோது வேலிகள் அகன்றன. ஆனால் அப்போது வேறொரு வேலி எழுந்துகொண்டிருந்தது.

துண்டாடல்

1950களிலிருந்து வெள்ளையர் பலர் தம் தோட்டங்களை விற்று வெளியேறத் தொடங்கினர். வாங்கியவர் பெருந்தோட்டங்களைச் சிறுசிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். துண்டாடப்பட்டது நிலம் மட்டுமன்று. லயத்துச் சமுதாயமும் துண்டாடப்பட்டது. பேராசிரியர் உங்கு அப்துல் அஜீஸ் இச்சிக்கலை ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் விரிவான அறிக்கை அளித்தார். பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்க வேண்டும் என்ற நோக்கோடு 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 'தோட்டம்' என்னும் சொல்லை உழைப்பின் பெயரிலிருந்து உரிமையின் பெயராக மாற்ற முயன்ற பெருமுயற்சி அது.

ஆயினும் மாற்றம் விரைந்து வந்தது. ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது. 1980களிலும் 1990களிலும் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலமாயின. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பம் பாயையும் பாத்திரத்தையும் சாமி படத்தையும் வண்டியில் ஏற்றிச் சென்றது. முருங்கையை ஏற்ற இயலவில்லை. பாட்டி நட்ட கறிவேப்பிலையும் தாத்தா வைத்த மாமரமும் அங்கேயே நின்றன. நிலத்தின் விலையைக் கணக்கிட்டவர் அவற்றுக்கு விலை வைக்கவில்லை.

தாமான் வீடு

தோட்டத்தை விட்டு வந்தவர் குடியேறிய இடத்தின் பெயர் 'தாமான்'. மலாய்மொழியில் அச்சொல்லுக்கும் தோட்டம், பூங்கா என்பதே பொருள். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு வந்தவர்க்கு இம்முறை உண்மையிலேயே ஓர் உரிமை கிடைத்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடாயினும் பட்டா தம் பெயரில். வீட்டுக்கும் சாலைக்கும் இடையே ஏறத்தாழ 20 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள ஒரு முன்னிடம். வீட்டைக் கட்டி ஒப்படைத்தவர் அதில் புற்கரணைகளைப் பதித்துக் கொடுத்தனர். அன்று துரை பங்களாவின் முன் விரிந்த புல்வெளியின் மிகச்சிறிய பேரப்பிள்ளை அது.

அந்தப் புல்லை என்ன செய்வது என்று எவரும் அறிந்திலர். சிலர் அதை வெட்டிக்கொண்டே இருந்தனர். அமர்வதற்கு நிழலில்லை, நடப்பதற்கு நீளமில்லை. பெரும்பாலோர் சில ஆண்டுகளில் முழுதும் சிமெண்டு பூசி, பளபளக்கும் ஓடு பதித்து, தகரக் கூரை இறக்கி, இரும்புக் கதவிட்டு, உந்து நிறுத்துமிடமாக்கினர். சேறு இல்லை, களை இல்லை என்ற நிம்மதி கிடைத்தது. களையோடு வாழ்வும் போயிற்று. கோலம் ஒட்டுத்தாளாயிற்று. அண்டை வீட்டார் முகம் இரும்புக் கம்பிகளுக்கு இடையே தெரிந்தது. லயத்தில் பயன் இருந்தது, உரிமை இல்லை. தாமானில் உரிமை இருக்கிறது, பயன் இல்லை. இரண்டும் ஒருங்கே சேரும் நாளே தமிழர் முன்றில் முழுமை பெறும் நாளாகும்.

சிமெண்டுத் தரையால் விளையும் கேடு உணர்வு பற்றியது மட்டுமன்று. 400 சதுர அடிப் பரப்பில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 940 லிட்டர் நீர் விழும். மண் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டு அவ்வளவையும் வடிகாலுக்குத் தள்ளும். ஒரு வரிசையில் இருபது வீடுகள் இவ்வாறு செய்தால் சில மணி நேரத்தில் ஏறத்தாழ 19,000 லிட்டர் நீர் ஒரே கால்வாயில் சேர்கிறது. கிரியான் போன்ற தாழ்நிலத்தில் அதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. அருகிலுள்ள தைப்பிங் தீபகற்ப மலேசியாவின் மிகுமழை நகரமாகப் பெயர் பெற்றது. மழைநீரை விழுந்த இடத்திலேயே இயன்றவரை தேக்கி மெல்ல விடுதல் வேண்டும் என்பதை நீர்ப்பாசன வடிகால் இலாகா 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நகர்ப்புற மழைநீர்க் கையேடும் வலியுறுத்துகிறது. பகலெல்லாம் வெயிலை உண்ட சிமெண்டு இரவில் அவ்வெப்பத்தை வீட்டுக்குள் அனுப்புவதையும் குடியிருப்போர் நன்கு அறிவர்.

மீட்கும் வழி

முன்னிடத்தை மீண்டும் முன்றிலாக்குவதற்குப் பெருஞ்செலவு வேண்டா. லயத்து வாசல் கற்பித்த பாடங்களே போதும். முதற்பாடம், உந்துக்கு உரியதை உந்துக்கும் மனிதர்க்கு உரியதை மனிதர்க்கும் பிரித்துத் தருதல். சிற்றுந்து ஒன்று நிற்கவும் கதவு திறக்கவும் ஏறத்தாழ 120 சதுர அடி போதும். அதிலும் சக்கரம் உருளும் இரு தடங்களுக்கு மட்டும் கல் பாவி, நடுவே புல்லை விட்டால் நீர் மண்ணுக்குள் இறங்கும். எஞ்சிய 280 சதுர அடி குடும்பத்துக்குரியது.

இரண்டாம் பாடம் நிழல். மேற்கு நோக்கிய வீட்டுக்கு மாலை வெயிலே பகை. வேட்டுவன் முன்றிலைப் போலக் கொடியையே கூரையாக்கலாம். மூங்கிலாலோ இரும்புக் குழாயாலோ ஒரு சட்டம் அமைத்து அவரை, பாகல், வெற்றிலை முதலியவற்றைப் படரவிட்டால் நிழலும் கிடைக்கும், கறியும் கிடைக்கும். தகரக் கூரை வெயிலை மறைப்பினும் வெப்பத்தை இறக்கும். இலைக் கூரை இரண்டையும் தணிக்கும். முருங்கையைச் சுவரிலிருந்து தள்ளி நட்டு, ஆண்டுதோறும் கிளை கழித்து உயரம் கட்டுப்படுத்துதல் நன்று.

மூன்றாம் பாடம் இருக்கை. ஒன்றரை அடி உயரமும் இரண்டடி அகலமும் உள்ள செங்கல் திண்ணை ஒன்று சுவரை ஒட்டி அமைந்தால் முதியவர் அமர்வர். அவர் அமர்ந்தால் பேரப்பிள்ளைகள் சூழ்வர். வீதியில் போவோர் நின்று ஒரு சொல் பேசுவர். வழிப்போக்கர்க்கென்றே திண்ணை கட்டிய மரபினர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. நான்காம் பாடம் தரை. மணற்படுகையின் மேல் இடைவெளி விட்டுச் செங்கல் பரப்பினால் உட்காரவும் உலர்த்தவும் உறுதியான தரை கிடைக்கும். மழைநீரும் இடுக்குகளில் இறங்கும். வாயிற்கதவருகே நான்கடிச் சதுரம் ஒன்றைக் கோலத்துக்கென ஒதுக்குதல் வேண்டும். தரை வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சற்றே சாய்ந்திருத்தலும் இன்றியமையாதது.

கிரியானின் களிமண்ணில் நீர் தேங்குமாதலால் செடிகளுக்கு ஓரடி உயர்ந்த மேட்டுப்பாத்தி அமைத்து, மக்கிய உரமும் மணலும் கலத்தல் நலம். மஞ்சள், இஞ்சி, பண்டான் இலை, கறிவேப்பிலை, துளசி ஆகியவை சிறிய இடத்திலும் செழிக்கும். ஓரத்தில் வரப்புப் போல எலுமிச்சைப் புல்லை வரிசையாக நட்டால் மண் கரையாது. பூந்தொட்டித் தட்டுகளில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும் என்பதை மறத்தலாகாது. நிலையான கூரையோ சுவரோ எழுப்ப விரும்புவோர் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதல் பெறுதல் வேண்டும். கொடிப்பந்தலும் செங்கல் திண்ணையும் அமைக்குமுன்னும் கேட்டுத் தெளிதல் பின்வரும் இடரைத் தவிர்க்கும்.

இவை அனைத்தும் எளியவை. ஆயினும் எளிமையின் பின்னே ஒரு பெரிய செய்தி உள்ளது. மற்றவர் புல்வெளியைப் பேணிப் பேணித் தேய்ந்த கைகளின் வழிவந்தோர், தம் பெயரில் பட்டா பெற்ற முதல் நிலத்தையும் அதே புல்வெளியின் சாயலாகவோ வெறும் சிமெண்டுப் பரப்பாகவோ விட்டுவிடுவது பொருந்தாது. உரிமை என்பது பத்திரத்தில் எழுதப்பட்டவுடன் முடிந்துவிடுவதன்று. மண்ணில் கால்வைத்து, நிழல் அமைத்து, அண்டை வீட்டாரை அழைத்து, பிள்ளைகளுக்குச் செடியின் பெயர் சொல்லிக் கொடுக்கும்போதுதான் அது நிறைவு பெறுகிறது.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு சிறப்பான பங்கு உண்டு. 'முன்றில்' என்ற சொல்லை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகக் கரும்பலகையில் எழுதும் நாளில், அச்சொல்லின் பொருளையும் மாணவர்க்குக் காட்டலாம். அவரவர் வீட்டு முன்னிடத்தை அளந்து வரச் செய்யலாம். அதில் எத்தனை அடி சிமெண்டு, எத்தனை அடி மண், எத்தனை செடி, அமர எத்தனை இருக்கை என்று எழுதி வரச் சொல்லலாம். பாட்டி வாழ்ந்த லயத்து வாசலில் என்னென்ன செடிகள் நின்றன என்று கேட்டு வரச் செய்யலாம். அவ்விரு பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவன், வரலாறு தன் வீட்டு வாயிலில் இருந்தே தொடங்குகிறது என்பதை உணர்வான். அவன் தன் கையால் ஒரு குத்து எலுமிச்சைப் புல்லை அங்கே ஊன்றுவானாயின், பாகான் செராய் என்னும் பெயருக்கும் பொருள் கூடும். முன்றில் என்னும் சொல்லுக்கும் உயிர் திரும்பும்.